தேசாபிமானத்தின் அளவுகோல்

2011ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஜனத்தொகைக் கணக்கு எடுக்கப்பட்டபோது, அதற்கு முந்தைய கணக்குகள் எவற்றிலும் இடம்பெற்றிராத கேள்வி ஒன்று படிவத்தில் புதிதாகப் புகுந்தது. உம்முடைய தேசிய அடையாளம் யாது என்பதே அக்கேள்வியின் சாரம். அதன்கீழ் ஆங்கிலேயர், வேல்ஸ்காரர், ஸ்காட்லாந்துக்காரர், வட அயர்லாந்துக்காரர், பிரிட்டிஷ்காரர், பிறர் என்று வரிசையாகக் கட்டங்கள் அச்சிடப்பட்டிருந்தன. பொருந்துகின்ற கட்டங்கள் எத்தனையோ அத்தனையிலும் குறியிடலாம் என்ற அனுமதியும் அளிக்கப்பட்டிருந்தது. விடைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தம்மை ஆங்கிலேயர் என்று மட்டும் குறித்தவர்கள் 57.7 சதவீதமாகவும், பிரிட்டிஷ்காரர் என்று மட்டும் குறித்தவர்கள் 19.1 சதவீதமாகவும் இருந்தனர். பத்தாண்டுகள் கழித்து, 2021இல், அதே கேள்வி அதே ஜனங்களிடம் மறுபடியும் கேட்கப்பட்டது. இம்முறை ஆங்கிலேயர் மட்டுமே என்றவர்கள் 14.9 சதவீதம், பிரிட்டிஷ்காரர் மட்டுமே என்றவர்கள் 54.8 சதவீதம்.

இவ்விரண்டு வரிசை எண்களை மாத்திரம் கண்ட சரித்திராசிரியன் ஒருவன், இடைப்பட்ட பத்தாண்டுகளில் அத்தேசத்து மக்களின் உள்ளத்தில் மகத்தான ஒரு புரட்சி நிகழ்ந்துவிட்டது என்று தீர்மானித்து, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிவதற்கு 2016இல் நடந்த பொதுவாக்கெடுப்பையும், அதன்பின் வந்த கொள்ளைநோயையும் காரணங்களாகக் காட்டிப் பெரிய நூல் ஒன்றை எழுதி முடித்திருப்பான். உண்மையான காரணமோ அச்சுக்கோப்பவரின் மேஜையில் கிடந்தது. 2011இல் இங்கிலாந்தில் வழங்கப்பட்ட படிவத்தில் ‘ஆங்கிலேயர்’ என்பது முதற்கட்டம். 2021இல் ‘பிரிட்டிஷ்காரர்’ என்பது முதற்கட்டம். மாற்றத்தின் பெரும்பகுதிக்கு இதுவே காரணமாகலாம் என்று தேசியப் புள்ளிவிவர அலுவலகமே, முடிவுகளை வெளியிட்டபோது ஒளிக்காமல் எடுத்துரைத்தது. இதற்கு வலுவான சாட்சியும் உண்டு. வேல்ஸில் வழங்கிய படிவத்தில் இரு முறையும் ‘வேல்ஸ்காரர்’ என்பதே முதலிடத்தில் நின்றது. அங்கே வேல்ஸ்காரர் மட்டுமே என்றவர்கள் 2011இல் 57.5 சதவீதம், 2021இல் 55.2 சதவீதம். வரிசை மாறாத இடத்தில் மனமும் ஏறக்குறைய மாறவில்லை. திட்டமிட்டுச் செய்யும் ஆய்வுகூடப் பரிசோதனையில்கூட இவ்வளவு சுத்தமான ஒப்பீடு அகப்படுவது அபூர்வம்.

ஆகவே மக்கள் பொய் சொன்னார்கள் என்றோ, நிலையற்ற புத்தியுடையவர்கள் என்றோ முடிவு கட்டிவிடலாகாது. லண்டனின் தென்கோடியில் கிராய்டனில் பிறந்து வளர்ந்த ஒருவன் ஆங்கிலேயனும் ஆவான்; பிரிட்டிஷ் பிரஜையும் ஆவான்; இரண்டும் ஒருங்கே அவனிடத்தில் குடியிருக்கின்றன. பசியோடு ஓட்டலில் வந்து உட்கார்ந்தவன், பரிமாறுபவர் ஒப்பிக்கும் பலகாரப் பட்டியலில் முதலில் காதில் விழுந்ததையே கொண்டுவரச் சொல்லிவிடுவதுபோல, அவனும் முதலில் கண்ணிற்பட்ட கட்டத்தில் குறியிட்டுவிட்டு, மேற்கொண்டு படிக்காமலே அடுத்த கேள்விக்குச் சென்றுவிடுகிறான். ஒருவனுடைய உயரத்தை எந்த முழக்கோலால் அளந்தாலும் ஒரே அளவுதான் வரும். தேசிய அடையாளம் அத்தன்மையது அன்று. அடையாளமே இவ்வாறு கேள்வியின் வடிவத்துக்கு இணங்கி வளையுமானால், அவ்வடையாளத்தின் பொருட்டு ஒருவன் பெருமை கொள்கிறானா, இல்லையா என்பதை நிர்ணயிப்பது எங்ஙனம்?

இதனை நிர்ணயிக்க முயன்றவர்கள் இல்லாமலில்லை. 1981இல் தொடங்கி உலகத்தின் பல நாடுகளிலும் நடத்தப்பட்டுவரும் உலக விழுமியங்கள் ஆய்வில், உம்முடைய நாட்டவராக இருப்பதில் எவ்வளவு பெருமைப்படுகிறீர் என்று கேட்டு, மிகவும், ஓரளவு, அவ்வளவாக இல்லை, சிறிதும் இல்லை என நான்கு படிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். இந்தியா போன்ற நாடுகளில் முதற்படியிலேயே பெருங்கூட்டம் நிற்கிறது. ஜப்பானிலும் ஜெர்மனியிலும் அப்படியின் மீது நிற்பவர்கள் சொற்பம். இதைக் கொண்டு ஜெர்மானியருக்குத் தாய்நாட்டின்மீது பற்றில்லை என்று சொல்லிவிட முடியுமா? ஒரு தேசத்தில், நான் பெருமைப்படவில்லை என்று அந்நியன் ஒருவன் முன்னிலையில் கூறுவது பாபமாகக் கருதப்படும். மற்றொரு தேசத்தில், பெருமைப்படுகிறேன் என்று உரக்கக் கூறுவது அநாகரிகமாகக் கருதப்படும். ஹிட்லரின் யுத்தத்துக்குப் பின் வளர்ந்த ஜெர்மானியன், இரண்டாவது வகைச் சமூகத்தைச் சேர்ந்தவன். கேள்வி ஒன்றே, அது போய்த் தொடுகின்ற சரித்திரம் வேறு.

ஆங்கிலேயனுக்கோ இவ்விஷயத்தில் ஒருவிதமான கூச்சம் சுபாவமாகவே உண்டு. பிஹாரில் மோதிஹாரியில் பிறந்து, பிற்காலத்தில் லண்டன்வாசியான ஜார்ஜ் ஆர்வெல், ஜெர்மானிய விமானங்கள் அந்நகரத்தின்மீது குண்டு பொழிந்துகொண்டிருந்த காலத்தில், ‘சிங்கமும் ஒற்றைக்கொம்பனும்’ என்ற சிறு நூலை எழுதி 1941இல் வெளியிட்டார். இங்கிலாந்தின் கற்றறிந்த இடதுசாரிகள் தம் சொந்த நாட்டைக் குறித்து வெட்கப்படுகிறார்கள் என்பது அதில் அவர் சுமத்திய குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அந்தக் கூச்சத்தை நாணம் என்பதா, அதுவும் ஒருவகை அகந்தையே என்பதா என்று இன்றளவும் எனக்குச் சந்தேகம் உண்டு. உலகத்தின் கால்பங்கை ஆண்டவர்கள் பெருமையைப் பேசாதிருந்ததற்குப் பேசவேண்டிய அவசியமே இல்லாதிருந்ததும் ஒரு காரணமாகலாம் அல்லவா?

ஒரே தேசத்தில், ஒரே கேள்வியை, ஒரே வார்த்தைகளில், நீண்ட இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் கேட்பதே இத்துறையில் ஓரளவு நம்பத்தக்க முறை. லண்டனிலுள்ள தேசியச் சமூக ஆய்வு மையம் 1983 முதல் நடத்திவரும் பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வில், தேசிய அடையாளத்தைப் பற்றிய விரிவான கேள்விக்கொத்து 1995, 2003, 2013, 2023 ஆகிய ஆண்டுகளில் கேட்கப்பட்டிருக்கிறது. கடைசி இரண்டையும் ஒப்பிட்டால், வீழ்ச்சி கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படுகிறது. பிரிட்டனின் சரித்திரத்தைக் குறித்துப் பெருமைப்பட்டவர்கள் 86 சதவீதத்திலிருந்து 64ஆகக் குறைந்தனர். ஜனநாயகம் நடைபெறும் விதத்தைக் குறித்துப் பெருமைப்பட்டவர்கள் 69இலிருந்து 53. உலகத்தின் வேறெந்த நாட்டைவிடவும் பிரிட்டனின் பிரஜையாக இருப்பதையே விரும்புவோம் என்றவர்கள் 62இலிருந்து 49. ஆயினும் இவ்வீழ்ச்சி எல்லாப் பக்கத்திலும் ஒரே சீராக நிகழவில்லை. விளையாட்டிலும் கலை இலக்கியங்களிலும் தம் நாட்டார் ஈட்டிய புகழைக் குறித்துப் பெரும்பான்மையோர் இன்றும் பெருமைப்படவே செய்கின்றனர். தேசாபிமானம் என்பது ஒரே பாத்திரத்தில் நிரம்பியோ வற்றியோ இருக்கும் ஒற்றைப் பொருள் அன்று, வெவ்வேறு பொருள்களைப் பற்றிய வெவ்வேறு அபிப்பிராயங்களின் தொகுதியே அது என்பதை இந்த ஏற்றத்தாழ்வு எடுத்துக் காட்டுகிறது.

சரித்திரத்தைப் பற்றிய அபிப்பிராயம் ஏன் இவ்வளவு விரைவில் சரிந்தது என்பதற்கு, அந்தப் பத்தாண்டின் நிகழ்ச்சிகளே ஓரளவு விளக்கம் தரக்கூடும். 2020 ஜூன் மாதத்தில் பிரிஸ்டல் நகரத்தில், அடிமை வியாபாரத்தில் பொருளீட்டிய எட்வர்ட் கோல்ஸ்டன் என்பவருடைய சிலையை ஜனத்திரள் பெயர்த்துத் துறைமுகத்து நீரில் தள்ளியது. இரண்டு நாள் கழித்து லண்டனில், மேற்கிந்தியத் துறைமேடையில் நின்ற, அவ்வாறே அடிமைகளால் செல்வம் சேர்த்த ராபர்ட் மில்லிகன் என்பவருடைய சிலை அகற்றப்பட்டது. வெளிநாட்டு அமைச்சகத்தின் ஓரத்தில், கிங் சார்லஸ் தெருவின் படிக்கட்டுகளுக்கு மேலே, ராபர்ட் கிளைவின் சிலை மட்டும் இன்னும் நிற்கிறது. அதன் பீடத்தைச் சுற்றிப் பதித்திருக்கும் வெண்கலச் சித்திரங்களுள் ஒன்று 1751ஆம் ஆண்டு ஆற்காட்டு முற்றுகையைக் காட்டுவது. லண்டனுக்கு வரும் தமிழர் பலர் அருகிலுள்ள பாராளுமன்றத்தையும் மணிக்கூண்டையும் படம் பிடித்துக்கொண்டு, இந்த ஆற்காட்டை ஏறிட்டும் பாராமல் போய்விடுகிறார்கள். அந்தச் சித்திரத்தை உண்டாக்கிய சிற்பி அதனைப் பெருமையாகவே கருதி வார்த்தான்; பள்ளிக்கூடத்தில் அந்த முற்றுகையை வேறுவிதமாகப் படித்துவிட்டு வரும் இன்றைய மாணவன் அதனை அவ்வாறே கருத வேண்டுமென்று யார் கட்டாயப்படுத்த முடியும்?

பெருமை எதனைப் பற்றியது என்பது ஒருபுறமிருக்க, மனிதன் ஏன் ஒரு கூட்டத்தோடு தன்னைச் சேர்த்துக்கொண்டு பெருமை கொள்ள வேண்டும் என்னும் ஆதாரக் கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் ஹென்றி தாஜ்ஃபெல். 1919இல் போலந்தில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த அவர், படிப்பின் பொருட்டுப் பிரான்ஸுக்குச் சென்று, யுத்தம் மூண்டதும் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, 1940இல் ஜெர்மானியரிடம் கைதியானார். தாம் யூதர் என்பதை அவர் மறைக்கவில்லை. பிரெஞ்சு யூதர் என்று சொல்லிக்கொண்டு, போலந்துக்காரர் என்பதை மட்டுமே மறைத்தார். அந்த ஒன்று வெளிப்பட்டிருந்தால் உயிர் தப்பியிருக்க மாட்டார். அவருடைய சுபாவமோ, கல்வியோ, குணமோ எதுவும் கணக்கில் வரவில்லை. எந்த வகுப்பைச் சேர்ந்தவர் என்ற ஒரே சீட்டு அவருடைய ஜீவனை நிர்ணயித்தது. யுத்தம் முடிந்து திரும்பியபோது, உற்றார் உறவினருள் ஏறக்குறைய ஒருவரும் மிஞ்சவில்லை. பின்னர் அவர் லண்டனுக்கு வந்து, ப்ளூம்ஸ்பரியிலுள்ள பர்க்பெக் கல்லூரியில், முப்பது வயதைக் கடந்த மாணவராக மனோதத்துவம் பயின்றார். வேலை பார்ப்பவர்களுக்கென்று மாலையில் வகுப்பு நடத்தும் கல்லூரி அது. முற்சாய்வு என்ற பொருளைக் குறித்து அவர் எழுதிய கட்டுரைக்கு உபகாரச் சம்பளம் கிடைத்ததைக் கேட்ட அவருடைய நண்பர்கள் வியந்திருக்க மாட்டார்கள்; அப்பொருளில் அவரைவிட அநுபவம் வாய்ந்தவர் அவ்வகுப்பில் யார் இருந்திருக்க முடியும்?

பிரிஸ்டல் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தபோது தாஜ்ஃபெல் செய்து, 1970இலும் 1971இலும் வெளியிட்ட பரிசோதனைகள் மிக எளிமையானவை. புறநகர்ப் பள்ளியொன்றிலிருந்து 14, 15 வயதுச் சிறுவர்கள் 64 பேரை வரவழைத்துத் திரையில் புள்ளிக்கூட்டங்களைக் கணப்பொழுது காட்டி, எத்தனை புள்ளிகள் என்று உத்தேசமாக எழுதச் சொன்னார். பிறகு அவர்களை, அதிகமாக மதிப்பிட்டவர், குறைவாக மதிப்பிட்டவர் என இரு கூட்டங்களாகப் பிரித்ததாகச் சொல்லிக்கொண்டாரே ஒழிய, உண்மையில் பிரித்தது சீட்டுக் குலுக்கிப் போட்டதற்கு ஒப்பான முறையில்தான். அடுத்து நடத்திய பரிசோதனையில் பௌல் க்ளே, வசீலி காண்டின்ஸ்கி என்னும் இரு ஓவியர்களின் சித்திரங்களைக் காட்டி, யாருடையது பிடித்தது என்ற பேரில் பிரித்தார். தன் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதுகூட எந்தச் சிறுவனுக்கும் தெரியாது. எண்களால் மட்டுமே குறிக்கப்பட்ட இருவருக்குப் புள்ளிகளைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். தனக்கென்று அவன் எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு புள்ளியின் மதிப்பு ஒரு பென்னியில் பத்தில் ஒரு பங்கு.

அவர்கள் முன் வைத்த பட்டியல்களுள் ஒன்று கவனிக்கத்தக்கது. அதன் ஒரு முனையில், நம் கூட்டத்தானுக்கு 7 புள்ளி, மற்றவனுக்கு 1 புள்ளி. நடுவில் இருவருக்கும் 13. மறுமுனையில் நம்மவனுக்கு 19, மற்றவனுக்கு 25. லாபத்தையே நாடும் வியாபாரி 19ஐ எடுத்துக்கொண்டு, மற்றவன் 25 பெற்றால் பெற்றுப்போகட்டும் என்று விட்டுவிடுவான். நீதிமான் 13ஐக் கொடுப்பான். அச்சிறுவர்களோ 7ஐ நோக்கியே சாய்ந்தார்கள். அதாவது, தம்மவன் குறைவாகப் பெற்றாலும் பாதகமில்லை, மற்றவனைவிட மேலாக நின்றால் போதும் என்னும் போக்கு அவர்களிடம் தெளிவாகக் காணப்பட்டது. நீதியுணர்ச்சி அவர்களிடம் அறவே இல்லை என்பதன்று. அது ஒருபுறம் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆயினும் சரித்திரமோ மொழியோ ரத்தமோ எதுவும் இல்லாத, அரைமணி நேரத்துக்குமுன் கற்பனையாக உண்டாக்கப்பட்ட ஒரு கூட்டத்தின்பொருட்டே மனம் இவ்வளவு தூரம் சாயுமாயின், ஆயிரம் ஆண்டுச் சரித்திரமும் கொடியும் கீதமும் சேர்ந்த ஒரு தேசத்தின்பொருட்டு எவ்வளவு சாயும்? மனிதன் தன்னைப் பற்றிய மதிப்பில் ஒரு பாகத்தைத் தான் சேர்ந்த கூட்டத்திலிருந்து பெறுகிறான், ஆகையால் அக்கூட்டம் பிறவற்றைவிட மேலாக விளங்க வேண்டுமென்று விரும்புகிறான் என்பது இதிலிருந்து வளர்ந்த சமூக அடையாளச் சித்தாந்தத்தின் கரு.

இதன் மற்றொரு முகத்தை அமெரிக்காவில் ராபர்ட் சியால்டினி 1976இல் காட்டினார். சர்வகலாசாலையின் கால்பந்துக் குழு சனிக்கிழமை ஜெயித்தால், திங்கட்கிழமை வகுப்பில் அச்சர்வகலாசாலையின் சின்னம் பொறித்த சட்டைகள் அதிகமாகக் காணப்பட்டன. ஜெயித்ததைச் சொல்லும்போது ‘நாங்கள்’ என்றவர்கள், தோற்றதைச் சொல்லும்போது ‘அவர்கள்’ என்று நழுவினார்கள். 2012 ஆகஸ்டு 4ஆம் தேதி இரவு, கிழக்கு லண்டனின் ஒலிம்பிக் அரங்கில் ஒரு மணி நேரத்துக்குள் ஜெஸிகா என்னிஸ், கிரெக் ரதர்ஃபோர்டு, சோமாலியாவில் பிறந்து சிறுவயதில் வந்த மோ ஃபாரா ஆகிய மூவரும் பிரிட்டனுக்குத் தங்கம் ஈட்டியபோது அந்நகரம் முழுவதும் ‘நாங்கள்’ ஆயிற்று. எவர் எங்கே பிறந்தவர் என்று அன்றிரவு ஒருவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

விளையாட்டைக் கொண்டு விசுவாசத்தை அளக்க வேண்டுமென்ற யோசனை அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்ததுண்டு. கன்சர்வேடிவ் கட்சித் தலைவர்களுள் ஒருவரான நார்மன் டெபிட், 1990 ஏப்ரலில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றுக்கு அளித்த பேட்டியில், ஆசியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் கிரிக்கெட் ஆட்டத்தில் எந்த அணிக்கு ஆரவாரம் செய்கிறார்கள் என்று பார்த்தால் அவர்களுடைய பற்று விளங்கிவிடும் என்றார். பார்வைக்குச் சுலபமான பரீட்சைதான். ஆனால் 1998 ஆகஸ்டு மாதக் கடைசியில் தென் லண்டனின் ஓவல் மைதானத்தில் அப்பரீட்சையை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் அதன் லட்சணம். இங்கிலாந்துக்கு எதிராக இலங்கை ஆடிய அந்த டெஸ்டில், கண்டியைச் சேர்ந்த தமிழரான முத்தையா முரளிதரன் இரண்டு இன்னிங்ஸிலுமாக 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இலங்கை 10 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. இலங்கையின் ராணுவத்துக்கு அஞ்சி ஓடிவந்து லண்டனில் அடைக்கலம் புகுந்த யாழ்ப்பாணத்தான் ஒருவன் அன்று எவருக்குக் கைதட்டியிருக்க வேண்டும்? புகலிடம் தந்த நாட்டுக்கா, தன் மொழி பேசும் பந்துவீச்சாளருக்கா, அவர் நெஞ்சில் அணிந்திருந்த சிங்கச் சின்னத்துக்கா? முரளியின் ஒவ்வொரு விக்கெட்டுக்கும் துள்ளியவர்களும் உண்டு. பிற்காலத்தில் இலங்கை அணி வந்தபோது மைதானத்து வாயிலில் நின்று எதிர்ப்புக் குரல் எழுப்பியவர்களும் உண்டு. இரண்டும் ஒரே வீட்டில் நிகழ்ந்ததும் உண்டு. டெபிட்டின் பரீட்சைத்தாளில் இவற்றுக்கெல்லாம் இடமில்லை.

கிழக்கு ஹாமின் ஹை ஸ்ட்ரீட் நார்த் கடைத்தெருவில், முருங்கைக்காயும் யாழ்ப்பாணத்து மிளகாய்த் தூளும் விற்கும் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். ஐயா, உங்களை எந்த நாட்டுக்காரர் என்று சொல்லிக்கொள்வீர்கள் என்று கேட்டபோது, தராசிலிருந்த கத்தரிக்காயை எடுத்துப் பையில் போட்டவாறே, “நான் பிரிட்டிஷ்காரன்தான் தம்பி, கடவுச்சீட்டு இருக்கு. ஆனால் இங்கிலீஷ்காரன் எண்டு சொன்னால் ஆர் நம்புவினம்?” என்றார். பெருமைதானா என்றேன். “பெருமை எண்டு சொல்லேலாது. இரவிலை கதவைத் தட்டிற சத்தம் கேட்டால் பயப்பிடாமல் எழும்பிப் போய்த் திறக்கிறன். அது போதும் எனக்கு” என்றவர், சற்றுத் தாமதித்து, “பிள்ளையளைக் கேளுங்கோ, அவையள் வேறை கதை சொல்லுவினம்” என்று சிரித்தார். நான்கு படிகள் கொண்ட ஆய்வுக் கேள்வியில் இவருடைய விடையை எந்தப் படியில் வைப்பது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ‘அவ்வளவாக இல்லை’ என்பதில் வைத்தால் பெரும்பிழை. ‘மிகவும்’ என்பதில் வைத்தால் அவரே ஒப்பமாட்டார்.

அவர் செய்த வேறுபாடு அவருக்கு மாத்திரம் உரியதன்று. ஆங்கிலேயன் என்பது பெரும்பாலோர் மனத்தில் பிறப்பையும் வம்சத்தையும் ஒட்டியதாக நிற்க, பிரிட்டிஷ்காரன் என்பது சட்டத்தாலும் வாசத்தாலும் அடையத்தக்கதாக, வந்தவர்க்கும் இடங்கொடுக்கும் விசாலமுடையதாக விளங்குகிறது. லண்டன் பொருளாதாரக் கல்லூரியைச் சேர்ந்த ஆலன் மானிங், சஞ்சாரி ராய் இருவரும் தொழிலாளர் கணக்கெடுப்பின் விவரங்களை ஆராய்ந்து, புதிதாக வந்தவர்கள் தம்மைப் பிரிட்டிஷ்காரர் என்று எண்ணுவது அரிது, ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வெண்ணம் வலுப்படுகிறது, இந்நாட்டிலேயே பிறந்த அவர்களுடைய மக்களிடத்திலோ அது ஏறக்குறைய பூரணமாகிவிடுகிறது என்று கண்டார்கள். ஏழ்மை மிகுந்த, ஜனநாயகம் குறைந்த நாடுகளிலிருந்து வந்தவர்கள், செல்வச் செழிப்புள்ள ஐரோப்பிய நாடுகளிலிருந்து வந்தவர்களைவிட விரைவாக இம்மாற்றத்தை அடைகிறார்கள் என்பதும் அவர்களுடைய முடிவு. கடைக்காரரின் கதவு தட்டும் சத்தத்தை நினைத்தால் இது வியப்பன்று. அலிதா நந்தி, லூசிண்டா பிளாட் ஆகியோரின் ஆராய்ச்சி இன்னும் ஒரு படி சென்று, பிரிட்டிஷ்காரர் என்னும் உணர்ச்சி வெள்ளையரான பெரும்பான்மையினரிடத்தைவிடச் சிறுபான்மையினரிடத்திலேயே உறுதியாக இருக்கிறது என்று காட்டியது.

சட்டத்தால் அடையும் அந்த அடையாளத்துக்குச் சடங்கும் உண்டு. பிரஜாவுரிமை பெறுவோருக்கான முதல் வைபவம் 2004 பிப்ரவரி 26ஆம் தேதி லண்டனில் பிரென்ட் நகர மண்டபத்தில் நடந்தது. தமிழர் மிகுந்து வாழும் வெம்பிளி அந்நகராட்சியைச் சேர்ந்ததே. அன்று விருந்தினராக வந்திருந்த இளவரசர் சார்லஸ் இன்று மன்னர். இப்போது உறுதிமொழி எடுப்பவர்கள் அவர் பெயரைச் சொல்லியே எடுக்கிறார்கள். அவ்வைபவத்துக்கு வருமுன் 45 நிமிடத்தில் 24 கேள்விகளுக்கு விடையளித்து, குறைந்தது 18 சரியாக இருக்க வேண்டுமென்ற பரீட்சையிலும் தேற வேண்டும். அங்கேயே பிறந்த பிரஜைகளை அப்பரீட்சைக்கு உட்காரவைத்தால் எத்தனை பேர் கரையேறுவார்கள் என்ற பரிகாசம் அந்நாட்டில் சாதாரணம்.

இனி, பெருமை என்று ஒரே பெயரால் வழங்குவனவற்றுள் ஜாதிபேதம் உண்டு. தன் நாட்டின்மீது அன்பு வேறு, தன் நாடு பிறவற்றை அடக்கி மேலோங்க வேண்டுமென்ற ஆசை வேறு என்பதை ரிக் கோஸ்டர்மனும் சீமோர் ஃபெஷ்பாக்கும் 1989இலேயே தனித்தனியாக அளந்து காட்டினார்கள். லண்டனின் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் மனோதத்துவப் பேராசிரியையாக விளங்கும் அக்னியெஷ்கா கோலெச் டி சவாலா, 2009இல் தம் சகாக்களுடன் இதைவிட நுட்பமான ஒன்றைக் கூட்டுத் தற்காதல் என்ற பெயரில் பிரித்தெடுத்து அளந்தார். நம் தேசம் ஒப்பற்றது, ஆனால் உலகம் அதனை உரியபடி மதிக்கவில்லை என்று ஓயாமல் மனம் குமுறுவதே இதன் லட்சணம். தன் தேசத்தில் திருப்தியுள்ளவன் அதன்மேல் பிறர் சொல்லும் குறையைக் கேட்டுக்கொண்டு நடந்துவிடுவான். கூட்டுத் தற்காதலனோ, சிறு பரிகாசத்தையும் பெரும் அவமானமாக ஏற்றுப் பழிவாங்கத் துணிகிறான். வெளித்தோற்றத்தில் இருவர் வீட்டு ஜன்னலிலும் ஒரே கொடிதான் தொங்கும்.

2025 கோடையில் இங்கிலாந்து முழுவதிலும் விளக்குக் கம்பங்களில் செயின்ட் ஜார்ஜின் சிலுவைக் கொடிகள் திடீரென்று ஏறத் தொடங்கியபோது இந்த விவகாரமே பத்திரிகைகளை நிரப்பியது. அவ்வாண்டு செப்டம்பர் 13ஆம் தேதி மத்திய லண்டனில், குடியேற்றத்தை எதிர்ப்போர் கொடிகளோடு நடத்திய ஊர்வலத்தில் 110,000 முதல் 150,000 பேர் வரை திரண்டதாகப் போலீஸார் மதிப்பிட்டனர். கொடி ஏற்றியவர் அனைவரும் வெறுப்பாளர் என்றவர்களும் பிழைபட்டனர். அது வெறும் தாய்நாட்டன்பே என்றவர்களும் பிழைபட்டனர். கொடியைப் பற்றிய விஞ்ஞானமும் இங்கே அதிகம் உதவுவதில்லை. தேசக்கொடியைக் கணநேரம் கண்டாலே மனிதனுடைய அரசியல் சாய்வு மாறிவிடும் என்று அமெரிக்காவில் ஒரு காலத்தில் முடிவு கூறப்பட்டது. 2014இல் பல ஆய்வுகூடங்கள் ஒன்றுகூடி அதே பரிசோதனையைத் திரும்பச் செய்தபோது அவ்விளைவு காணப்படவே இல்லை. தாஜ்ஃபெலின் பரிசோதனைகளில் உடனுழைத்தவரும் லண்டனில் பிறந்தவருமான மைக்கேல் பில்லிக், 1995இல் எழுதிய நூலில் சொன்னதே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. வீசி அசைக்கப்படும் கொடியைவிட, அஞ்சல் அலுவலகத்தின் மேல் எவர் கண்ணிலும் படாமல் தொங்கிக்கொண்டிருக்கும் கொடியே, தேசம் என்ற எண்ணத்தை நாள்தோறும் நிலைநிறுத்துகிறது என்பது அவருடைய கருத்து.

தேசாபிமானம் மனிதனுக்குச் சுகம் தருமா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். டிம் ரேஸ்கன்ஸ், மத்தேயு ரைட் என்னும் இருவர் ஐரோப்பிய நாடுகளின் விவரங்களைக் கொண்டு 2011இல் வெளியிட்ட ஆய்வில், நாட்டின் சட்டங்களையும் ஸ்தாபனங்களையும் குறித்துப் பெருமை கொள்வோர், வம்சத்தையும் ரத்தத்தையும் குறித்துப் பெருமை கொள்வோரைவிட வாழ்க்கையில் அதிகத் திருப்தியுடையவர்களாகக் காணப்பட்டனர். இதில் எது காரணம், எது காரியம் என்பது வேறு விசாரணை. திருப்தியுடையவனுக்கே ஸ்தாபனங்களின் நன்மை கண்ணில் படுகிறது என்றும் வாதிக்கலாம். அதே ஆண்டில் ஃப்ரெடரிக் சோல்ட், செல்வ ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடுகளிலேயே தேசப்பெருமை ஓங்கி நிற்கிறது என்று காட்டியதையும் இதனருகே வைத்துப் படிப்பது நலம். வயிறு காய்ந்தவனுக்குக் கொடி ஒன்றாவது கிடைக்கட்டும் என்று ஆள்வோர் எண்ணுவதுண்டு என்பதே அவருடைய விளக்கம்.

பிரிட்டிஷ் ஜனங்களிடம், உங்கள் நாட்டைக் குறித்துப் பெருமைப்படத்தக்கது எது என்று கேட்கும் அபிப்பிராய வாக்கெடுப்புகளில், மன்னரையும் படையையும் சரித்திரத்தையும் பின்னுக்குத் தள்ளி, 1948 ஜூலை 5ஆம் தேதி தொடங்கப்பட்ட தேசிய சுகாதார சேவையே அடிக்கடி முதலிடத்தைப் பிடிக்கிறது. காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போகிறதென்று அதே ஜனங்கள் அதனை நாள்தோறும் நிந்திக்கவும் செய்கிறார்கள். இங்கிலாந்தில் அச்சேவையில் பணிபுரிவோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வேற்று நாட்டுப் பிரஜைகள். அவர்களுள் இந்தியர்களே மிகுதி. பிரிட்டிஷ்காரராகக் கருதப்படுவதற்கு பிரிட்டனில் பிறந்திருப்பது முக்கியம் என்றவர்கள் 2013இல் 74 சதவீதமாக இருந்து 2023இல் 55 சதவீதமாகக் குறைந்திருக்கிறார்கள் என்பதை, முன்சொன்ன பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வு தெரிவிக்கிறது. பெருமை குறைந்துவிட்டதென்று பத்திரிகைகள் கவலையோடு எடுத்துரைத்த அறிக்கையில்தான் இவ்வெண்ணும் அச்சாகியிருக்கிறது. முதற்செய்திக்குக் கிடைத்த தலைப்புச் செய்திகளில் பாதிகூட இதற்குக் கிடைக்கவில்லை.